பாட்டியின் கஷாயத்தை மருத்துவரிடம் சொன்னீர்களா?

பழக்கடையில் கொய்யாத் துண்டுகள்மீது தூவித் தரும் அசாம் போய்ப் பொடி, இருமலுக்குச் சீன அண்டைவீட்டார் பரிந்துரைக்கும் ‘பெய் பா கோ’ பாகு, தொண்டை கட்டினால் பாட்டி வைத்துத் தரும் கஷாயம். இவற்றில் ஒன்றையேனும் நீங்கள் ருசித்திருப்பீர்கள். மூன்றும் மூன்று இடத்துச் சரக்குபோலத் தெரியும். ஆனால், இவை மூன்றிலும் பெரும்பாலும் ஒரே வேர் சேர்க்கப்படுகிறது. அதன் பெயர் அதிமதுரம்.

சிங்கப்பூரில் எந்த இனத்தவர் வீட்டு அடுக்களையிலும் இதை ஏதோ ஒரு வடிவத்தில் காணலாம். இனிக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும், பக்கவிளைவே கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையன்று. உயிர்மருத்துவ அறிவியல் பயிலும் மாணவி என்ற முறையில் மட்டுமன்றி, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டியின் பேத்தியாகவும் இதை எழுதுகிறேன்.

இனிப்பையே பெயராகக் கொண்ட வேர்

‘மதுரம்’ என்றால் இனிப்பு. ‘அதி’ என்றால் மிகுதி. சீனத்தில் இதற்குக் ‘கான் சாவ்’ என்று பெயர். ‘இனிக்கும் புல்’ என்பது அதன் பொருள். தாவரவியலில் வழங்கும் ‘கிளிசிரைசா’ என்னும் பெயர் ‘இனிப்பு வேர்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இந்தியில் முலேட்டி என்றும் சிங்களத்தில் வெல்மி என்றும் அழைக்கிறார்கள். லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் ‘முலேட்டி’ என்ற பெயரிட்ட பொட்டலத்தைப் பார்த்தால் அதுவும் அதிமதுரமே.

இச்செடி பட்டாணி, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் வகை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மத்திய ஆசியா வரை வளர்கிறது. சீன மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வட சீனா, மங்கோலியப் பகுதிகளில் வளரும் இன்னொரு வகை. தமிழ் மருத்துவத்தில் இது நெடுங்காலமாக இடம்பெற்றிருந்தாலும் தமிழ்நாட்டு மண்ணில் இயல்பாக வளரும் செடி அன்று. ஈரான், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வணிகர் வழியாக வந்த கடைச்சரக்கு.

இந்த இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்னும் வேதிப்பொருள். அது சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பானது. நாக்கில் பட்டவுடன் சர்க்கரைபோல் இனிக்காது. சற்றுத் தாமதித்துத் தொடங்கி, வெகுநேரம் தங்கியிருக்கும். குச்சியை மென்றபின் தண்ணீர் குடித்தால் தண்ணீரும் இனிப்பதுபோல் தோன்றுவது அதனால்தான்.

ஒரே பாதையில் இரு கடைகள்

நான் வளர்ந்தது ஆங் மோ கியோவில். ஆங் மோ கியோ சென்ட்ரலில் உள்ள சீன மருந்துக் கடைகளில் அதிமதுரத்தைச் சாய்வாகச் சீவிய மெல்லிய வில்லைகளாக விற்கிறார்கள். தேனில் புரட்டி வறுத்த வகையும் உண்டு. அது சற்றுக் கருத்திருக்கும். சாதாரண வகையைத் தொண்டைக்கும் இருமலுக்கும், தேனில் வறுத்ததை உடல்தெம்புக்கும் பயன்படுத்துவது சீன மருத்துவ மரபு.

அங்கிருந்து ரயிலேறினால் ஐந்தாவது நிலையம் நியூட்டன். டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைகளில் அதே வேர் சீவப்படாமல் விரல் நீளக் குச்சிகளாகக் கிடைக்கும். பொடியாகவும் கிடைக்கும். நான் குச்சியையே வாங்கச் சொல்வேன். பொடியில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. நல்ல குச்சி வெளியே பழுப்பாகவும், ஒடித்தால் உள்ளே மஞ்சளாக நாரோடும் இருக்கும். பூஞ்சை வாடை வந்தால் வாங்கக்கூடாது.

பாடத்திட்டக் குழுவில் என்னுடன் இருந்த சீனத் தோழி ஒருமுறை என் பையிலிருந்த குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, “எங்க ஆ மா சூப்பில் போடுவதுதானே!” என்றாள். வாத்துக் கறியைச் சோயா சாற்றில் வேகவைக்கும்போது பட்டை, அன்னாசிப்பூவுடன் இரண்டு மூன்று வில்லை அதிமதுரமும் அவர்கள் வீட்டுப் பானையில் விழுமாம். சாமந்திப்பூத் தேநீரிலும் போடுவார்களாம். சீன மருத்துவத்தில் இவ்வேருக்கு ‘நாட்டின் மூத்தவர்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பலர் கூடும் சபையில் சண்டை வராமல் சமாதானம் செய்யும் பெரியவர்போல, கூட்டு மருந்தில் மற்ற சரக்குகளின் காரத்தையும் கடுமையையும் தணிப்பதால் அப்பெயர் வந்தது.

நம் அடுக்களையில்

தமிழர் வீடுகளில் அதிமதுரம் அன்றாடச் சமையலைவிட மருந்துச் சமையலில்தான் அதிகம் புழங்குகிறது. அரிசித் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் மூன்றும் சளிக்கும் இருமலுக்கும் சேர்ந்தே பேசப்படும் சரக்குகள். தீபாவளி லேகியத்தில் சில வீடுகளில் சுக்கு, மிளகு, திப்பிலியுடன் இதையும் சேர்ப்பார்கள். பாடகர்களும் மேடைப் பேச்சாளர்களும் சிறு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது இன்றும் காணக்கூடியது.

எங்கள் வீட்டுக் கஷாயத்தின் முறை எளிது. இரண்டு குவளை தண்ணீரில் தட்டிய சுக்கு ஒரு துண்டு, மிளகு ஐந்தாறு, சித்தரத்தை சிறு துண்டு, இடித்த அதிமதுரம் ஒரு துண்டு ஆகியவற்றைப் போட்டு, ஒரு குவளையாக வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். வடிகட்டி, தேவைப்பட்டால் பனங்கற்கண்டு சேர்க்கலாம். சுக்கும் மிளகும் காரும். அதிமதுரம் அந்தக் காரத்தைத் தொண்டைக்குள் மெல்ல இறக்கும். சீனர்கள் சொல்லும் ‘சமாதானம் செய்யும் பெரியவர்’ நம் கஷாயத்திலும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

தொண்டைக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது மூச்சுக்குழாயில் குழாய் செருகப்படுவதால், விழித்தெழும் நோயாளிகளுக்குத் தொண்டைவலி ஏற்படுவது வழக்கம். 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வில் 236 நோயாளிகளைச் சேர்த்தார்கள். மயக்கமருந்து கொடுப்பதற்குமுன் ஒரு பாதியினர் அதிமதுரக் கரைசலாலும் மறுபாதியினர் சர்க்கரை நீராலும் வாய் கொப்புளித்தார்கள். அதிமதுரம் பயன்படுத்தியவர்களில் தொண்டைவலி ஏற்பட்டோர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தனர். அதற்குமுன் இந்தியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வும் இதேபோன்ற முடிவைத் தந்திருந்தது.

இவ்வாய்வுகளில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். நோயாளிகள் கொப்புளித்தார்கள். குடிக்கவில்லை. தொண்டைக்கு வேண்டிய இதத்தைப் பெற வேரை வயிற்றுக்குள் அனுப்ப வேண்டிய கட்டாயமில்லை. பிரச்சினை தொடங்குவது வயிற்றுக்குப் போனபிறகுதான்.

“அது மருந்தா? சாப்பாடு மாதிரி!”

என் பாட்டிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நெடுநாளாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். நெடுநாளாகக் காலையில் ஒரு குவளை கஷாயமும் குடித்து வந்தார். சென்ற ஆண்டு வழக்கமான பரிசோதனைக்கு நான் துணையாகப் போயிருந்தேன். மாத்திரையைக் கூட்டியும் அழுத்தம் இறங்கவில்லை. தமிழ் பேசும் தாதி ஒருவர், “வேற ஏதாச்சும் மருந்து, மூலிகை சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டார். “இல்லம்மா, நீங்க கொடுக்கிற மாத்திரை மட்டுந்தான்,” என்றார் பாட்டி.

“கஷாயம் குடிக்கிறீங்களே பாட்டி?” என்று நான் கேட்டேன்.

“அது மருந்தா ஆயி? அது சாப்பாடு மாதிரி!”

பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மருந்து என்பது மருந்தகத்தில் கொடுப்பது; கஷாயம் அடுக்களையில் கொதிப்பது. அதில் என்னென்ன போடுகிறோம் என்று மருத்துவர் கேட்டார். சுக்கு, மிளகு, சித்தரத்தை என்று நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தபோது எழுதிக்கொண்டே வந்தவர், அதிமதுரத்தின் ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்தினார். எவ்வளவு போடுகிறீர்கள், எத்தனை நாளாக, தினமுமா என்று அடுத்தடுத்துக் கேட்டார். பொட்டாசிய அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு இயல்பைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது.

ரத்தத்திலுள்ள பொட்டாசியத்துக்கும் இனிக்கும் வேருக்கும் என்ன தொடர்பு?

ஒரு பூட்டு, இரண்டு சாவி

இந்தத் தொடர்பை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர். இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கு அதிமதுரச் சாறு நல்ல பலன் தந்ததை அவர் கண்டார். கூடவே, அவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. தலைவலியும் வந்தது. இதை அவர் 1946இல் பதிவுசெய்தார். மருந்தை நிறுத்தியதும் வீக்கம் வடிந்தது. காரணம் முழுமையாகத் தெளிவாகப் பல ஆண்டுகள் ஆயின.

நம் உடலில் உப்பின் அளவைக் கவனிக்கும் இயக்குநீர் (ஹார்மோன்) ஆல்டோஸ்டிரோன். அது சிறுநீரகச் செல்களில் உள்ள ஒரு ஏற்பியில் பொருந்தி, “சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியேற்று” என்று சொல்கிறது. சோடியம் தங்கினால் நீரும் தங்கும். ரத்த அழுத்தம் ஏறும். அந்த ஏற்பியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொண்டால் ஆல்டோஸ்டிரோன் அதன் சாவி.

சிக்கல் என்னவென்றால் கார்ட்டிசோல் என்ற இன்னொரு இயக்குநீரும் அதே பூட்டைத் திறக்கவல்லது. ரத்தத்தில் அது ஆல்டோஸ்டிரோனைவிடப் பல மடங்கு அதிகம். எனவே, சிறுநீரகம் ஒரு நொதியைக் காவலுக்கு வைத்திருக்கிறது. அந்நொதி, கார்ட்டிசோலை அந்தப் பூட்டுக்குப் பொருந்தாத கார்ட்டிசோனாக மாற்றிவிடும்.

நாம் விழுங்கும் கிளிசிரைசினைக் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் கிளிசிரெட்டினிக் அமிலமாக மாற்றுகின்றன. அது ரத்தத்தில் கலந்து அந்தக் காவல் நொதியை முடக்குகிறது. கார்ட்டிசோல் தடையின்றிப் பூட்டைத் திறக்கிறது. சோடியமும் நீரும் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் போகிறது. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் தசைகள் தளரும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். வேரை நிறுத்தியபிறகும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப ஓரிரு வாரங்கள் ஆகலாம்.

பாட்டியின் நிலைமையை இப்போது நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு மாத்திரை அழுத்தத்தை இறக்கப் பார்க்கிறது. அடுத்த அரைமணி நேரத்தில் ஒரு குவளை கஷாயம் அதை ஏற்றப் பார்க்கிறது. சிறுநீரைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகளில் சில, தாமே பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. அவற்றுடன் அதிமதுரமும் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.

எவ்வளவு என்றால் அதிகம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு, தொடர்ந்து உட்கொள்பவர்கள் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்டக்கூடாது என்று 2003இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய மருந்து நூலின்படி, தரமான காய்ந்த வேரில் குறைந்தது 4 விழுக்காடு கிளிசிரைசின் இருக்கவேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 2.5 கிராம் வேரில் 100 மில்லிகிராம் இருக்கும்.

எங்கள் வீட்டுச் சமையல் தராசில் அதிமதுரப் பொடியை நிறுத்துப் பார்த்தேன். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 2 கிராம். சற்றுக் குவித்தால் 3 கிராம். கொதிக்கவைக்கும்போது வேரிலுள்ளது முழுவதும் நீரில் இறங்கிவிடாது என்பது உண்மை. ஆனால், பொடியைப் பாலில் கலக்கிக் குடித்தால் முழுவதும் வயிற்றுக்குப் போகும். தினமும் ஒரு தேக்கரண்டி என்பது வரம்பைத் தொட்டுவிடும் அளவு.

இது முதியோருக்கு மட்டுமான எச்சரிக்கை அன்று. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான 28 பேர். இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் அதே 100 மில்லிகிராம் அளவு தரப்பட்டபோது, அவர்களின் ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 3 அலகு ஏறியது. 3 என்பது சிறிய எண்தான். ஆனால், சராசரி எல்லாரையும் ஒன்றாகக் காட்டிவிடும். சிலரின் உடல் மற்றவர்களைவிட அதிகமாக எதிர்வினை காட்டியது.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயது கட்டுமான ஊழியர் ஒருவர், சில வாரங்களாகத் தினமும் ஒன்றரைப் பை கறுப்பு அதிமதுர மிட்டாய் சாப்பிட்டு வந்தார். பொட்டாசியம் மிகவும் குறைந்து இதயம் நின்று உயிரிழந்தார். அவரது மருத்துவ விவரம் 2020இல் புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானது. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் இரண்டு வாரங்களுக்குத் தினமும் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம், கறுப்பு அதிமதுர மிட்டாய் சாப்பிட்டால் இதயத் துடிப்புக் கோளாறால் மருத்துவமனைக்குச் செல்ல நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்துள்ளது.

அப்படியானால் தொண்டைவலிக்கு இரண்டு நாள் கஷாயம் குடித்தால் ஆபத்தா? ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த அச்சம் தேவையில்லை. கவனிக்கவேண்டியது அளவு, நாள்கணக்கு, குடிப்பவரின் உடல்நிலை மூன்றும் சேர்ந்த கணக்கை. மரபு மருத்துவத்துக்கும் இது புதிதன்று. அதிமதுரத்தோடு சேர்க்கக்கூடாத சரக்குகளின் பட்டியல் சீன மருத்துவத்தில் தொன்றுதொட்டு உண்டு. ‘பெரியவர்’ என்று போற்றியவர்களே அவருக்கு வரம்பும் வைத்திருக்கிறார்கள்.

குன்றிமணி வேரோடு குழப்பாதீர்

அதிமதுரத்துக்குப் பதிலாகக் குன்றிமணிக் கொடியின் வேரைப் பயன்படுத்தும் வழக்கமும் இந்தியாவில் உண்டு. அந்த வேரும் இனிக்கும். ஆனால், கறுப்புப் புள்ளியுடன் சிவந்திருக்கும் அதன் விதையில் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. சிங்கப்பூரின் பூங்காக்களில் சிறுவர்கள் பொறுக்கும் முழுச் சிவப்பான சாகா விதை வேறு மரத்தினுடையது. தமிழில் அதற்கு ஆனைக்குன்றிமணி என்று பெயர். வேர் எதுவானாலும் நீங்களே பிடுங்கிப் பயன்படுத்தாமல் நம்பகமான கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

நம் தலைமுறையின் வேலை

சுகாதார அமைச்சின் 2021-2022 கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 74 வயதுக்குட்பட்டோரில் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்க வாய்ப்புண்டு. உயர் ரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதிமதுரத்தை உட்கொள்ளக்கூடாது. கர்ப்பக் காலத்தில் அதிக அளவு உட்கொள்வதைத் தவிர்க்கும்படி பின்லாந்து தன் மக்களுக்கு அறிவுரை வழங்கியுள்ளது.

பொட்டலங்களைப் படிக்கும்போது ஒரு பெயரை மட்டும் தேடினால் போதாது. அதிமதுரம், முலேட்டி, யஷ்டிமது, கான் சாவ், லிக்கரிஸ், கிளிசிரைசா என்று எதுவும் எழுதப்பட்டிருக்கலாம். மூலிகைத் தேநீர், இருமல் பாகு, தொண்டை மிட்டாய் ஆகியவற்றின் உட்பொருள் பட்டியலில் இப்பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று வழியாக ஒரே வேர் உள்ளே போவது இப்படித்தான் தெரியவரும்.

அடுத்த முறை தாத்தா, பாட்டியுடன் மருந்தகத்துக்குப் போகும்போது, முந்தைய நாளே அவர்களுடன் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் மாத்திரைகளை மட்டுமே சொல்வார்கள். “காலையில எழுந்ததும் என்ன குடிக்கிறீங்க? சளி புடிச்சா என்ன வைப்பீங்க? லேகியம் எதாச்சும் இருக்கா?” என்று கேளுங்கள். ஒவ்வொரு சரக்கின் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சீன மருத்துவரிடம் போகும்போது மாத்திரைகளின் பெயரையும் எடுத்துச் செல்லுங்கள். பாட்டியின் மொழியும் மருத்துவரின் மொழியும் தெரிந்தவர்கள் பல வீடுகளில் நாம் மட்டும்தான்.

என் பாட்டி முதலில் கோபித்துக்கொண்டார். “எங்க ஆத்தா காலத்திலேருந்து குடிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். கஷாயத்தை விடச் சொல்லவில்லை, அதிலுள்ள ஒன்றை மட்டும்தான் எடுக்கச் சொல்கிறோம் என்று புரிந்ததும் இறங்கி வந்தார். அதிமதுரத்தை நிறுத்திய சில வாரங்களில் பொட்டாசியம் சரியானது. அழுத்தமும் ஓரளவு இறங்கியது. உணவில் உப்பைக் குறைத்ததற்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றார் மருத்துவர். இப்போது எங்கள் வீட்டுக் கஷாயத்தில் சுக்கு, மிளகு, சித்தரத்தையுடன் கொத்தமல்லி விதை சேர்கிறது. அதிமதுரக் குச்சிகள் இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன. எனக்குத் தொண்டை கட்டினால் அதில் ஒரு துண்டை ஒடித்து வெந்நீரில் ஊறவைத்து, “கொப்புளிச்சுத் துப்பு, முழுங்காதே!” என்று பாட்டியே சொல்லித் தருகிறார்.